பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு

என் மகனும் மருமகளும் ஜப்பானுக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னையும் காய்கறியும் வைத்துப் பண்ணையம் பார்க்கிற எனக்கு, ஜப்பான் என்றால் தெரிந்தது மசனோபு ஃபுகோகாவும் பவர் டில்லரும்தான். போன சித்திரையில் நானும் வீட்டுக்காரம்மாவும் போய் இரண்டு மாதம் அவர்களோடு இருந்துவிட்டு வந்தோம். கோபுரம், ரயில் எல்லாம் பார்த்தோம். அதை எழுதப் போவதில்லை. மொழி தெரியாத ஊரில் ஒரு குடும்பம் எப்படி வேர் பிடிக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் பலர் வெளியூரில் இருக்கிறார்கள். நம் தோட்டங்களிலும் வெளியூர்க் குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் உதவும்.

அவர்கள் இருப்பது டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில் உள்ள நிஷி-கசாய். 2000-ம் ஆண்டை ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்குப் போன நம் நாட்டுக்காரர்கள் அங்கே குடியேற ஆரம்பித்தார்கள். அதனால் பருப்புக்கும் புளிக்கும் பஞ்சமில்லை. வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. தனியார் வீடு என்றால் முன்பணம் போக, வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று ஒரு மரியாதைப் பணம் கேட்பதுண்டு. கொடுத்தால் திரும்பி வராது. ஜாமீனுக்கு ஆளோ, கம்பெனியோ வேண்டும். எல்லாம் இருந்தும் 'வெளிநாட்டுக்காரருக்குத் தருவதில்லை' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் 2016-ல் எடுத்த கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவர்களில் சுமார் 40 சதவிகிதம் பேர் அப்படி மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். என் மகனுக்கும் மூன்று இடத்தில் அதே பதில்தான். கடைசியில் அரசு சார்ந்த 'யு.ஆர்' குடியிருப்பில் வீடு கிடைத்தது. அங்கே ரெய்கினும் இல்லை, ஜாமீனும் இல்லை.

வீடு கிடைத்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய் 'இன்ன முகவரிக்கு வந்துவிட்டோம்' என்று பதிய வேண்டும். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் முகவரி ஏறிவிடும். மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, போன் எல்லாம் அதற்குப் பிறகுதான். பதிந்த அன்றே குப்பைக்கு ஒரு அட்டவணையும் கையில் வந்துவிடுகிறது.

"எனக்கு ஜப்பான் பாஷைகூட அவ்வளவு பயமில்லீங்க மாமா, குப்பையைக் கண்டாத்தான் பயமா இருந்துச்சு" என்றாள் மருமகள். எரிவது ஒரு நாள், எரியாதது ஒரு நாள், கண்ணாடிக்கும் தகரத்துக்கும் ஒரு நாள். தண்ணீர் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, மேலே ஒட்டிய தாளைக் கிழித்து, கழுவி, நசுக்கி வைக்க வேண்டும். காலை எட்டு மணிக்குள் வைத்து, காக்கை கிளறாமல் வலை போட்டு மூட வேண்டும். நாள் மாறிப்போனால் பை அங்கேயே கிடக்கும், தெருவே பார்க்கும்.

அவளைக் காப்பாற்றியது ஒரு துண்டு. புதிதாகக் குடிவந்தவர்கள் எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு என்று போய்த் தலை குனிந்து வணங்கி, சின்னதாக ஏதாவது கொடுப்பது அந்த ஊர்ப் பழைய வழக்கம். அடுக்குமாடியில் பக்கத்து வீடும் மேல்வீடும் கீழ்வீடும் கணக்கு. கம்பெனியில் யாரோ சொன்னதைக் கேட்டு, இருவரும் ஆளுக்கொரு கைத்துண்டு கொடுத்துவிட்டு வந்தார்கள். மறுநாளே பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, அட்டவணையில் ஒவ்வொரு கிழமைக்கும் படம் வரைந்து கொடுத்துவிட்டுப் போனாராம். பாட்டில் படம், மீன் முள் படம். நான் போனபோதும் அது சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது.

மகன் இரவு வீடு வர ஒன்பது மணி ஆகும். துணைவி விசாவில் போனவர்கள், அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். முதல் குளிர்காலம் முழுக்கப் பேச ஆளில்லாமல் அழுதிருக்கிறாள். அப்போதும் அந்தப் பாட்டிதான் கீரை வாங்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்தக் கீரைக்குப் பேர் கொமாட்சுனா. எடோகாவாதான் அதற்குச் சொந்த ஊர். 1719-ல் யோஷிமுனே என்ற ஷோகன் வேட்டைக்கு வந்தபோது சாப்பிட்டு, கொமாட்சுகாவா என்ற அந்த இடத்தின் பேரை வைத்தாராம். இன்றைக்கும் வீடுகளுக்கு நடுவே பசுமைக்குடில் போட்டு அதை விளைவிக்கிறார்கள். வாசலில் ஆளில்லாத அலமாரி. காசைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு கட்டு எடுத்துக்கொள்ளலாம். தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் நம் கீரைக்குக் குறைச்சலில்லை. பாட்டிக்கும் ஒரு கிண்ணம் போகும்.

குடிலில் களை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். மருமகளை வைத்துப் பேசினேன். அவருடைய மகன்கள் இருவரும் கம்பெனி வேலையாம். ஜப்பானில் விவசாயத்தையே தொழிலாக வைத்திருப்பவர்களின் சராசரி வயது 2020 கணக்குப்படி 67.8. "உங்களுக்குப் பிறகு யாரு?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். மருமகள் அதை எனக்குச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று ராத்திரி மகனிடம் கேட்டேன். "இப்பச் சொல்லத் தெரியலீங்கப்பா" என்றான். இல்லாத நம்பிக்கை கொடுக்காமல் சொன்னானே என்று விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் முதலில் எங்கள் தோட்டத்துச் சாளைக்குப் போனேன். அங்கே ஜார்க்கண்டிலிருந்து வந்த கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை. தென்னையும் காய்கறியும் இன்றைக்கு அவர்கள் கையில்தான் நிற்கிறது. வீட்டுக்காரம்மா அந்தப் பெண்ணை அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு அழைத்துப்போய்ப் பழக்கிவிட்டாள். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் சொந்த ஊர்க் கார்டை வைத்தே இங்கே கைரேகை வைத்து அரிசி, கோதுமை வாங்கலாம்; அதை வாங்க வைத்தோம். குழந்தையை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். 108, பஸ் நேரம், டாக்டர் வீடு, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் இந்தி தெரிந்த பையனை வைத்து ஒரு தாளில் எழுதி, சாளைக் கதவில் ஒட்டினோம். அடுத்த நாள் பார்த்தால், அந்தக் குழந்தை தாளின் ஓரத்தில் ஒரு பஸ் படம் வரைந்து வைத்திருந்தது.

உங்கள் தோட்டத்துக்குப் புதிதாகக் குடும்பம் வந்தால், இந்த நாலு வேலையையும் முதல் வாரத்திலேயே முடித்துக் கொடுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.