எக்கார்ட்டின் தாடிக்கு ஒரு வரி போதும்

நாவலைப் படமாக்கிவிட்டால் விமர்சகனுக்கு முதல் பத்தி தானாக வந்து விழும்: எது விடுபட்டது, எது மாறியது. சுலபமாக வருவதாலேயே எனக்கு அந்தப் பத்தியின் மேல் சந்தேகம். 2002-இல் வந்த 'பொசெஷன்' படத்துக்கு எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சந்தேகம் வலுக்கிறது.

ஏ. எஸ். பயட்டின் மூலநாவல் 1990-இல் புக்கர் பரிசு பெற்றது. ஆஷ், லமோட் என்ற இரு விக்டோரியக் கவிஞர்களின் ரகசியக் காதலை, பின்னால் வந்த ஆய்வாளர்கள் ரோலண்ட் மிச்செலும் மாட் பெய்லியும் கடிதம் கடிதமாகத் துப்புத் துலக்குகிறார்கள். கவிஞர்கள் கற்பனை; அவர்களுடைய கவிதைகளையும் பயட்டே எழுதினார். ஆண்களின் குரூரத்தைப் படமாக்கிப் பேர் வாங்கிய நீல் லாபியூட் இந்தக் காதல் கதையை இயக்கினார்.

ரோஜர் ஈபர்ட் போலப் பாராட்டியவர்கள் உண்டு. ஜெரமி நார்த்தமும் ஜெனிபர் ஈலியும் வரும் பழங்காலப் பகுதிக்கும் நல்ல பேர். குறை சொன்னவர்கள் திரும்பத் திரும்பக் கைவைத்த இடம், ஆங்கிலேய ரோலண்டை அமெரிக்கராக்கி ஆரன் எக்கார்ட்டை நடிக்க வைத்தது.

பாஸ்போர்ட் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. கூடவே வர்க்கமும் மாறிவிட்டதே, அதுதான் உறுத்தல். நாவலின் ரோலண்டுக்கு நிலையான வேலை கிடையாது. காதலி வால் தட்டச்சு செய்து கொண்டுவரும் சம்பளத்தில், பூனை நாற்றமடிக்கும் நிலவறை வீட்டில் காலம் தள்ளுகிறான். லண்டன் நூலகத்தில், பழைய புத்தகமொன்றுக்குள் ஆஷ் எழுதி முடிக்காத இரண்டு கடிதங்கள் அவன் கண்ணில் படுகின்றன. எப்போதும் கையோடு வைத்திருக்கும் ஆஷ் தொகுப்புக்குள் அவற்றைச் செருகிக்கொண்டு வெளியேறுகிறான். விதியை மீறத் தெரியாதவன் செய்கிற திருட்டு. படிக்கிற நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். துடுக்கான அமெரிக்க இளைஞன் அதையே செய்தால் வெறும் குறும்பு.

இன்னொன்று, வாசிப்பு. கவிஞர்கள் இருவரும் எழுதிக்கொண்ட கடிதக்கட்டு பொம்மைக் கட்டிலின் மெத்தைக்கடியில் இருக்கிறது என்பதற்கான துப்பு லமோட்டின் கவிதையிலேயே உண்டு. நாவலில் அந்தக் கவிதை நம் கண்முன் அச்சாகியிருப்பதால் நாமும் துப்பறியலாம். பிறகு கடிதங்களுக்கே ஒரு முழு அத்தியாயம். நூறு நிமிடச் சொச்சப் படத்தில் இதற்கு இடம் ஏது? ஆய்வாளர்கள் நிற்கிற இடத்திலிருந்தே கேமராவை நகர்த்திக் கவிஞர்களிடம் கொண்டுபோகிறார் லாபியூட். பார்க்க அழகுதான். ஆனால் கண்ணால் கண்டதை யார் சந்தேகிப்பார்கள்? கடிதத்தை இவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார்களோ என்ற பதைப்பு போய்விடுகிறது; மர்மத்தில் பாதி அதுதானே.

இதே உத்தி கடைசிக் காட்சியில் அபாரமாக வேலை செய்கிறது. புல்வெளியில் ஆஷ் தன் மகளைச் சந்திக்கிறார். அப்படியொரு சந்திப்பு நடந்தது எந்தக் கடிதத்திலும் இல்லை, எந்த ஆய்வாளருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். நாவலில் உள்ள இந்தப் பின்னிணைப்பைப் படம் விடாமல் பிடித்துக்கொண்டது. இன்று எனக்கு இந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதக் கொடுத்தால் பாதி இடத்தை இந்தக் காட்சிக்கே ஒதுக்குவேன். எக்கார்ட்டின் முள்தாடிக்கு ஒரு வரி போதும்.