விலக்குகளின் பக்கம்

காப்புறுதிப் பத்திரம் பெறுவோர் முதற்பக்கத்துத் தொகையையே நோக்குவர். விலக்குகளைக் கூறும் பின்பக்கங்களைப் பெரும்பாலும் விபத்தின் பின்னரே வாசிப்பர். இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாந்தரப்புக் காப்புறுதியையே. சொந்தக் காரின் சேதத்தை அது ஈடுசெய்யாது.

முழுமையான காப்புறுதி எனப்படுவதும் முழுமையானதன்று. தேய்மானம், இயந்திரக் கோளாறு, அனுமதிப்பத்திரமற்ற சாரதி செலுத்துகையில் நேரும் சேதம் ஆகியன அதற்குப் புறம்பானவை. கலகத்தால் விளையும் சேதமோ மேலதிகக் கட்டணம் செலுத்தினாலன்றிப் பொதுவாக உள்ளடங்காது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வாகனங்கள் எரியூட்டப்பட்டதை நினைப்போர்க்கு அவ்வொரு வரியின் கனம் விளங்கும்.

வாசகத்தில் ஐயம் எழின், அதனை வரைந்தவருக்கு எதிராகப் பொருள்கொள்வது ஆங்கிலச் சட்ட மரபு. ஆயின் தெளிவாக எழுதப்பட்ட விலக்கின்முன் அம்மரபு உதவாது. ஆதலின் பின்பக்கங்களை வாசித்தற்குரிய வேளை ஒப்பமிடுதற்கு முன்னரேயாம்.