இடம் வகுத்தல்

பொருளைச் சேர்த்தல் ஒரு கலையெனின், சேர்த்த பொருளுக்கு இடம் வகுத்தல் அதனினும் நுண்ணிய கலையாகும். இவ்வுண்மையை யான் கற்றது இலக்கண நூலினின்று அன்று. எம் துறையின் கணினியொன்றினின்றே.

முத்துக்குளித்துறையின் சொற்களைத் தொகுத்தல் எனக்கு வாய்த்த ஆய்வுப்பணி. நம் கரையில் முத்துக்குளிப்பு இறுதியாக நிகழ்ந்தது 1961-ஆம் ஆண்டில். அன்று இளைஞராய் மூழ்கியோர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். பாரின் பெயர், காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர் என அவர் நாவில் வாழும் சொற்களை அவர்தம் குரலிலேயே பதிந்து கணினியில் சேர்த்து வந்தேன். ஒருநாள் அது, 'இனி இடமில்லை' என்றது. வட்டிற் பாதி வெறுமையாய்க் கிடந்ததே வியப்பு!

காரணம் யாதெனின், முதலில் அதனை அமைத்தவர் வட்டை இரு நிலையான பகுதிகளாக வெட்டியிருந்தார். ஒன்று நிரல்களுக்கு, மற்றொன்று கோப்புகளுக்கு. முன்னது காலியாயிருக்கப் பின்னது நிரம்பி வழிந்தது. இம்முறை பழமையானது. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் 10 மெகாபைட் வட்டுடன் கணினி விற்ற நாளிலேயே, நான்கு பகுதிகளைக் குறிக்கும் அட்டவணை அதிலிருந்தது. ஒரு பகுதி நிரம்பினும் மற்றொன்று கெடாது என்பது இதன் நன்மை. ஆயின் உப்பளத்தின் வரப்பை மண்வெட்டியால் நகர்த்தலாம். வட்டின் வரப்பை நகர்த்தவோ அடுத்த பாத்தியையே பெயர்த்து வைத்தல் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் உள்ளதும் போகும்.

இதற்கு மாற்று நெகிழ்வுப் பகுதிமுறை. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1990-இல் ஏ.ஐ.எக்ஸ். இயக்குதளத்தில் இதனை வழங்கினர். லினக்ஸுக்கு 1998-இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் என்பார் எழுதினார். இதன் இயல்பை அறிய நம் துறைமுகத்தை நோக்குக. பண்டகசாலையில் வணிகர்க்கு ஓர் அறையென ஒதுக்கின், ஒருவர் அறை நிரம்பி வழிய மற்றொருவர் அறை பூட்டிக் கிடக்கும். கண்டெய்னர் முற்றத்திலோ, அளவொத்த பெட்டிகள் காலியான எவ்விடத்தும் அமரும். ஒருவருடைய பெட்டிகள் அருகருகே இருத்தல் வேண்டா. எது எங்குளதெனப் பதிவேடு அறியும். அவ்வாறே வட்டு, பெரும்பாலும் 4 மெகாபைட் அளவுள்ள சிறு கூறுகளாக எண்ணப்படும். வேண்டும் பகுதிக்கு வேண்டும் கூறுகள் சேரும். புதிய வட்டொன்றை இணைப்பின் முற்றமே விரியும். வேலையை நிறுத்தவும் வேண்டா.

குறைகளும் உள. பல வட்டுகளில் பரந்த பகுதி, அவற்றுள் ஒன்று பழுதாயினும் கெடும். பகுதியை வளர்த்தல் எளிது, சுருக்குதல் அரிது. எக்ஸ்.எஃப்.எஸ். போன்ற கோப்பமைப்புக்கு வளரத்தான் தெரியும். ஆதலின் தொடக்கத்திற் சிறிதளவே கொடுத்து, எஞ்சியதை ஒருவர்க்கும் உரிமையாக்காது வைத்தல் அறிவுடைமை. தனிப்படி ஒன்று வேறு வட்டில் இருத்தல் எம்முறைக்கும் இன்றியமையாதது.

மூத்த மாணவரொருவர் பதிவுகளைப் புற வட்டிற் காத்து, கணினியை இம்முறையில் மாற்றியமைத்தார். அதற்கு இரு வாரம் சென்றது. பதிவுக்கருவியிலும் இடமின்மையால் அதுகாறும் பணி நின்றது. யான் அடுத்துக் காணவிருந்த பெரியவர் அதற்குள் நோயுற்றுப் பேச்சிழந்தார். அவர் அறிந்த பார்களின் பெயர்கள் அவருடனே அடங்கின.

நாளை எது பெருகும் என்பதை இன்று வகுப்போர் முற்றும் அறியார். அறியாமையை உணர்ந்து வகுத்த வகுப்பே நெடிது பயன்படும். கணினிக்கு மட்டுமன்று, அகராதிக்கும் நூலகத்துக்கும் இஃது ஒக்கும். இப்போது எம் வட்டில் இடம் நிரம்ப உளது; முதியோர்தாம் சிலரே.