துளை போடும் இடம்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரப் பட்டறைகளைப் பார்த்துக்கொண்டே போனால், ஸ்கேனரும் லேப்டாப்பும் வைத்திருப்பவர்தான் ‘டியூனிங் மெக்கானிக்’, சைலன்சருக்கு ஒட்டுப் போடுபவர் வெறும் வெல்டர் என்ற வரிசை புரிந்துவிடும். மரியாதையும் கூலியும் அந்த வரிசையில்தான் போகின்றன. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. ஆக்சிஜன் சென்சார் காட்டும் எண்ணை நம்பலாமா என்பது, லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே, புகைக்குழாயில் துளை போட்டவர் கையில் முடிவாகிவிடுகிறது.

வேலையைக் கிட்டே நின்று பார்த்தால் தெரியும். சென்சாரைத் திருகி மாட்ட 18 மி.மீ. த்ரெட் உள்ள தடித்த நட்டு ஒன்றைக் குழாயில் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கே? மேனிஃபோல்டின் கிளைகள் ஒன்றுசேர்ந்த பிறகு. அதற்கு முன்னால் வைத்தால் ஒரு சிலிண்டரின் கதை மட்டுமே கிடைக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்கானை (கேட்டலிடிக் கன்வெர்ட்டரை) தாண்டியும் போகக் கூடாது. குழாயின் அடிவயிற்றில் வைக்கவே கூடாது. படுக்கைவசத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கி இருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது புகையிலுள்ள நீராவி குழாய்க்குள் தண்ணீராகிறது. சென்சாருக்குள் இருப்பதோ ஹீட்டரால் பழுக்கக் காய்ந்த சிர்கோனியா பீங்கான். ஒரு சொட்டுப் பட்டாலே விரிசல் விடும். பற்றவைக்கும் சூட்டில் த்ரெட் கோணிவிடாதிருக்க, விவரமானவர்கள் செத்துப்போன பழைய சென்சார் ஒன்றை நட்டில் திருகி வைத்துக்கொண்டு ஒட்டுகிறார்கள். புதியதை மாட்டிக்கொண்டே ஒட்டினால் அதுவும் செத்ததோடு சேர்ந்துவிடும்.

இன்ஜின் கம்ப்யூட்டர்தான் தானே திருத்திக்கொள்ளுமே என்பார்கள். எதை வைத்துத் திருத்தும்? சென்சாருக்கு முன்னால் ஒட்டில் குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தாலும், புகையின் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துப் பெட்ரோல் குறைவு என்கிறது. கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றுகிறது. மைலேஜ் போகும், கேட்கானும் வீணாகும். திருத்தும் வசதியே தப்பைப் பெருக்கிவிடுகிறது.

சத்தத்தையும் பிளக்கின் நிறத்தையும் வைத்தே டியூன் செய்த பெரியவர்கள் இருந்தார்களே என்ற வாதத்துக்கு மதிப்புண்டு. கார்புரேட்டர் காலத்தில் அது பெரிய வித்தை. ஆனால் பிளக் காட்டுவது நெடுநேரம் ஓடியதன் சராசரி. ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்த நொடியை அது சொல்லாது. சுத்தப் பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கும் 20 சதவீத எத்தனால் கலந்ததில் ஏறக்குறைய 13.5 ஆகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 பெட்ரோல் வண்டியில், ஓட்டத்தின் பெரும்பகுதி சென்சார் சொல்படிதான் நடக்கிறது.

ஒட்டைச் சோதிக்க மெஷின் ஏதும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, கம்ப்ரஸர் ஹோஸைத் துணி சுற்றிச் சைலன்சர் வாயில் செருகி, மெல்லக் காற்றுவிட்டு, ஒட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனைக்கு பில்லில் தனி வரி போட்டு, அந்தப் பணத்தை வெல்டருக்குக் கொடுக்கலாம்.