சிக்னலுக்கும் ஒரு கொப்பி

“சிக்னல் இல்ல சேர்.” 2020, 2021 காலத்துல தோட்டத்துப் பிள்ளைகள் நிறையத் தடவ சொன்னதும், யாரும் பெருசா நம்பாததும் இந்த வசனந்தான்.

2020 மார்ச் 13-ல பாடசாலைகள மூடினாங்க. பிறகு கம்பஸும் வீட்டுக்குள்ள வந்திருச்சு. பதுளை மாவட்டத்து போஹிட்டியாவ கிராமத்துல ஒரு ஆசிரியை பிள்ளைகளோட 3 கிலோமீட்டருக்கு மேல காட்டுவழி ஏறி, மலை உச்சியில பாடம் நடத்தினது 2021-ல உலகச் செய்தியாச்சு. நம்ம பக்கமும் தேயில மலைக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு படிச்சவங்க இருக்காங்க.

எனக்கு மலை ஏற வேண்டி வரல. சீட்டுக் காசுல வாங்கின 4ஜி ரவுட்டர் ஒன்னும், நண்பன் உபுண்டு போட்டுத் தந்த பழைய லெப்டொப்பும் இருந்திச்சு. இஸ்தோப்புல உக்காந்துதான் ஒன்லைன் வகுப்பு. அப்பவும் பாடம் அறுந்து அறுந்துதான் வரும். ஒருநாள் என் திரையக் காட்டச் சொன்ன விரிவுரையாளர், மூலையில வைஃபை கோடு நிரம்பி இருந்தத பார்த்துட்டாரு. “சிக்னல் ஃபுல்லாத்தானே இருக்கு, என்ன சாட்டு சொல்றீங்க?”ன்னாரு. எல்லார் முன்னாலயும்.

அன்னைக்கு ராத்திரி நண்பனுக்கு கோல் எடுத்தேன். “அந்தக் கோட்ட நம்பாத. டெர்மினலத் திற”ன்னான்.

‘ஐடபிள்யூகான்ஃபிக்’ன்னு அடிச்சா சிக்னலோட அளவு டிபிஎம்-ல வரும். அது கழித்தல் எண். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. மைனஸ் 40ன்னா ரவுட்டர் பக்கத்துலயே இருக்கீங்க. மைனஸ் 67 வரைக்கும் வீடியோ வகுப்பு தாங்கும். மைனஸ் 80-ஐத் தாண்டினா தொங்கல்தான். 10 இறங்கினா, பத்துல ஒரு பங்கு சக்திதான் வந்து சேருதுன்னு அர்த்தம். ‘வேவ்மொன்’ன்னு ஒரு சின்ன மென்பொருள் இருக்கு, அது இதையே நொடிக்கு நொடி காட்டும்.

லெப்டொப்ப ஏந்திக்கிட்டு வீட்டச் சுத்தி நடந்தேன். இஸ்தோப்புல மைனஸ் 48. ஒரு கல்லுச் சுவருக்கு அந்தப் பக்கம், உள் காம்பராவுல மைனஸ் 71. குசினித் தகரத்துக்குப் பின்னால மைனஸ் 84. “மூடம் விழுந்தா சிக்னல் போயிரும்”னு அப்பா சொல்லுவாரு. மூடம் வாசல் வரைக்கும் வந்த அன்னைக்கும் பார்த்தேன், இலக்கம் அசையல. வெள்ளக்காரன் காலத்துக் கல்லும் தகரமுந்தான் மறைக்குது.

சரி, மைனஸ் 48 இருந்தும் இஸ்தோப்புல பாடம் ஏன் அறுந்திச்சு? அந்த இலக்கமும் மூலையில இருக்கிற கோடும் லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவுல உள்ள பத்தடியத்தான் அளக்குது. ரவுட்டருக்கும் டவருக்கும் நடுவுல உள்ள மலைய அளக்கல. அதனால ரெண்டு பிங் ஓட விட்டேன்: ஒன்னு ரவுட்டருக்கு, மற்றது வெளிய உள்ள சேர்வருக்கு. நேரத்தோட ஃபைல்ல பதியிறதுக்கு சின்னதா ஒரு ஸ்கிரிப்ட்.

ஒரு கிழமை கழிச்சுப் பார்த்தா, ரவுட்டர் ஒரு தடவ கூட பதில் தராம இருக்கல. வெளி பிங் பகல்ல விட்டு விட்டு ஓடுது. பின்னேரம் 7 மணிக்குப் பிறகு, லயத்துல எல்லாரும் போன கையில எடுக்கிற நேரம், பாதிக்கு மேல தொலையுது. ரவுட்டர யன்னல்ல இருந்து எடுத்து டவர் பார்த்த தூண்ல கட்டினேன், மழைக்கு சொப்பிங் பேக் போட்டு. பகல் பாடம் சீராச்சு. ராத்திரி மாறவே இல்ல. அது எங்க வீட்டுல சரிபண்ணுற விஷயம் இல்ல.

அம்மா இதெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மடுவத்துல நிறுத்த கொழுந்த ஒவ்வொரு நாளும் பழைய கொப்பி ஒன்னுல எழுதி வைக்கிறவங்க. சம்பளத் துண்டுல தப்பா அரைப்பேர் விழுந்திருந்தா, அந்தக் கொப்பியோடதான் போய்க் கேப்பாங்க. “நீயும் கொப்பி போடுறியா? போடு. வெறும் வாயால சொன்னா யாரு கேக்குறா”ன்னாங்க.

ஃபைல விரிவுரையாளருக்கு அனுப்பினேன். பதில் வரல. ஆனா ராத்திரி 7.30-க்கு இருந்த வாய்மொழிப் பரீட்சை எனக்கு மட்டும் காலை 9 மணிக்கு மாறிச்சு.

உங்க லயத்துல ஒரு பிள்ள “சிக்னல் இல்ல”ன்னா, எந்த சிக்னல்ன்னு சேர்ந்து பாருங்க. வீட்டுக்குள்ள உள்ளதுன்னா ரவுட்டர நகர்த்தி நாமளே சரிபண்ணலாம். மலைக்கு அந்தப் பக்கம் உள்ளதுன்னா கம்பனிக்குக் கடிதம் எழுதணும். எழுதும்போது அந்த ஃபைலையும் சேர்த்து அனுப்புங்க.