ஏணைக்கு அருகில் ஒரு நிமிடம்

ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பெண் அந்த ஊரிலேயே குடியிருப்பவளாக இருக்க வேண்டும். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோதே வைத்த விதி இது. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலைப்பகுதிகளில்தான் இருக்கிறோம். கல்வராயன் மலையில் எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வர அரை நாள் போய்விடும். நர்சம்மாவுக்குப் பல ஊர்கள். எங்கள் ஊருக்கே தினமும் வர அவரால் முடியாது. குழந்தைக்கு ஆபத்து அதிகம் இருப்பதோ பிறந்த முதல் மாதத்தில், அதிலும் முதல் வாரத்தில். அந்த நாள்களில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஊருக்குள்ளேயே ஒருத்தி வேண்டும். மகளிர் குழுவில் என் பெயரைச் சொன்னார்கள், கிராமசபையும் ஒப்புக்கொண்டது.

பயிற்சி வகுப்பில் புத்தகமும் பொம்மையும் கொடுத்துச் சொல்லித்தந்தார்கள். வேலை கையில் படிந்தது பக்கத்து ஊர் அக்காவிடம்தான். பல வருடமாக ஆஷாவாக இருப்பவர். அவர் போகும் வீடுகளுக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையென்றால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே பிறந்துவிட்டால் முதல் நாளும் சேர்த்து ஏழு தடவை. பையில் தொங்கு தராசு, குழந்தையைக் கிடத்தும் துணி, வெப்பமானி, விநாடி முள் உள்ள கடிகாரம், கம்பளி. அவ்வளவுதான். அதையும் அக்கா லேசில் திறக்க விடமாட்டார். "வாசல்லயே பையத் திறக்காத கண்ணு. உள்ள போய் உக்காரு. அவங்க பேசட்டும், அப்புறம் நாம பேசலாம்" என்பார். உட்கார்ந்தபின் சோப்பு கேட்டு வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி முற்றத்திலேயே கை கழுவுவார். அடுத்த தடவை போகும்போது குழந்தையைத் தூக்கித்தரும் ஆயாவும் தானாகவே கை கழுவிவிட்டு வருவார். கை கழுவுங்கள் என்று அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை.

எடை பார்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தராசில் வெறும் துணியை மாட்டி முள்ளைச் சுழிக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையைக் கிடத்த வேண்டும். தரைக்குப் பக்கத்தில், கீழே பாய் விரித்து. இது எளிது. கஷ்டமானது அந்த எண்ணைக் குடும்பத்துக்குச் சொல்வது. பிறந்த குழந்தை முதல் சில நாள்களில் கொஞ்சம் எடை குறைவது இயல்பு. பத்து நாளுக்குள் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். இது தெரியாத மாமியார், "பால் பத்தலை" என்று மாட்டுப்பாலைக் காய்ச்ச ஆரம்பித்துவிடுவார். அதனால் ஏழாம் நாள் பார்க்கப்போவதை அக்கா மூன்றாம் நாளே சொல்லிவிடுவார்: "அடுத்த தடவை எடை கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பயப்படாதீங்க, தாய்ப்பால மட்டும் விடாம குடுங்க." முன்கூட்டியே சொன்னது அப்படியே நடந்தபின் அந்த வீட்டில் எங்கள் பேச்சுக்கு மதிப்பு வந்துவிடும். இந்த வேலையின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மூச்சு எண்ணக் கற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. குழந்தை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஏணையில் தூங்கும்போது சட்டையை மெல்ல விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. பச்சைக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. வேகவேகமாகப் போகும், சில விநாடி நிற்கும், மறுபடி ஓடும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கினால் கணக்கு தப்பும். முழு நிமிடமும் எண்ணியே ஆக வேண்டும். கண் வயிற்றிலும் இருக்க வேண்டும், கடிகாரத்திலும் இருக்க வேண்டும். அக்கா எனக்குக் கொடுத்த பயிற்சி வேறு மாதிரி: கடிகாரத்தை ஆயாவின் கையில் கொடுத்து, "முள்ளு ஒரு சுத்து வந்ததும் சொல்லுங்க" என்பார். நான் எண்ணுவேன். அந்த ஒரு நிமிடம் வீடே பேசாமல் இருக்கும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ண வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ஏன் கிளம்புகிறோம் என்று ஆயாவுக்கு விளக்கத் தேவையில்லை. கணக்கு எடுத்ததில் அவரும் ஒரு ஆள்.

வீடு தேடிப் போய்ப் பச்சிளங்குழந்தையைக் கவனிக்கும் இந்த முறை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் உருவானது என்று பயிற்சியில் சொன்னார்கள். அங்கே டாக்டர் அபய் பங்கும் டாக்டர் ராணி பங்கும் 1986-இல் 'சர்ச்' அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய எண்கள் வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக ஒரு கருவி செய்தார்கள்: ஒரு நிமிட மணல் கடிகாரம், பக்கத்தில் கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணி வரை தள்ளிவிட்டால் நிமோனியா. ஐந்து முதல் பத்து வருடம் பள்ளி சென்ற கிராமத்துப் பெண்களைப் பழக்கி, 39 கிராமங்களில் வீடு வீடாகப் பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கவைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிட அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 2011-இல் நாடு முழுவதும் ஆஷாக்களிடம் இந்த வேலை வந்து சேர்ந்ததற்கு அதுவே அடித்தளம். மணிகள் உருட்டிய அந்த மருத்துவச்சிகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் பக்கம் பிள்ளை குளிப்பாட்ட ஊரில் ஓரிரு ஆயாக்கள் இருப்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார்கள். கடைசியில் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய்க் கடுமையான நிமோனியா வரலாம். முதலில் இதைப் பார்த்தபோது எனக்குக் கையைப் பிடித்துத் தடுக்கத் தோன்றியது. அக்கா ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்து, உருவிவிடும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இதமாக உருவுவது நல்லதுதான் என்று மனதாரச் சொன்னார். பிறகு, "மூக்க மட்டும் விட்டுடுங்க ஆயா, எண்ண நெஞ்சுக்குள்ள எறங்கிடுது" என்றார். கூடவே ஒரு பொறுப்பையும் ஒப்படைத்தார்: தினமும் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டால் குளிர் பிடிக்கிறது, தாயின் மார்போடு அணைத்துப் போர்த்த வேண்டும். இரண்டும் சில்லிட்டால் அப்படியே அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த ஆயா இப்போது ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பாதம் தொட்டுப் பார்க்கிறார், மூக்கில் எண்ணெய் விடுவதில்லை. நானும் நர்சம்மாவும் பத்து தடவை சொல்வதைவிட அவர் ஒரு தடவை சொன்னால் ஊர் கேட்கும்.

மாதக் கூட்டமும் அக்காவிடம் கற்றதுதான். பேச வேண்டியவர்கள் ஊர்ப் பெண்கள். நாங்கள் படஅட்டையைக் காட்டிக் கேள்வி கேட்பதோடு சரி. ஜார்க்கண்ட், ஒடிசாவில் 'ஏக்ஜுட்' அமைப்பு இப்படிப் பெண்களைக் கூட்டிப் பேசவைத்ததில், மூன்று வருடத்தில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 சதவீதம் குறைந்தது என்று 2010-இல் ஆய்வு வந்தது. எங்கள் கூட்டத்தில், ராத்திரியில் வலி எடுத்தால் என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. செல்போன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு யார் ஓடுவது, எந்த வீட்டு வண்டியை எடுப்பது, டீசலுக்குப் பணம் எங்கிருந்து என்று அவர்களே முடிவு செய்தார்கள். பேறுகாலம் நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறைக்கு அனுப்புவது, வீட்டில் விட்டுப்போகும் மூத்த பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டில் சோறு போடுவது என்பதும் அவர்கள் சொன்னதுதான். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது அந்தச் சோற்று ஏற்பாடு. பெண்கள் மலையை விட்டு இறங்கத் தயங்கியதற்குக் காரணமே அந்த மூத்த பிள்ளைகள்தான்.

ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்கு 42-ஆம் நாள் வரை போய்வந்து முடித்தால் ஆஷாவுக்கு 250 ரூபாய் ஊக்கத்தொகை என்று வகுத்தார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது, மகிழ்ச்சிதான். ஆனாலும் மழையில் மலையேறி இறங்குகிற வேலை இது. இதைத் தன்னார்வச் சேவை என்று ஒதுக்காமல் மாதச் சம்பளமுள்ள வேலையாக அரசு ஆக்க வேண்டும். ஊரை நம்பித்தான் திட்டம் என்றால், ஊர்ப்பெண்ணின் உழைப்புக்கும் உரிய கூலி வேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை இருந்தால், அது தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். 60-ஐத் தொட்டால் இன்னொரு தடவை எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.