இடிந்த பாலம் என் வழியில் இல்லை

அம்மா பக்கவாதம் வந்து படுத்திருந்த காலத்தில், லீவு கிடைத்தால் நான் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போனேன். ஊர் கொல்லங்கோடு, பாலக்காட்டு எல்லை. வேலை இடுக்கி மறையூரில், தமிழ் வாத்தியார். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்ததெல்லாம் அக்கா.

அந்த அறைக்குள் போனால் எனக்கு மூச்சு முட்டும். அம்மாவின் கோணிய வாயைப் பார்க்கத் தைரியமில்லை. அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக் கவிதையைத் துணைக்குக் கூப்பிட்டேன். இரவிகுளத்துப் புல்மேடுகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து மலையாளக் கவி பி. குஞ்ஞிராமன் நாயரை வாசிப்பேன். மனசு லேசாகிவிடும். இந்த மலை உன்னை ஏதாவது கேட்கிறதா, நீ இப்படித்தான், இருந்துவிட்டுப் போ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மலை கேட்காதுதான். அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு மலை எப்படி ஜாமீன் நிற்கும்?

பி.யைப் பிடித்துக்கொண்டதிலும் என் கள்ளத்தனம் இருந்தது. அவர் எங்கள் கொல்லங்கோட்டில் பள்ளி வாத்தியாராக இருந்தவர், 1978இல் காலமானார். ஒரு வீட்டில், ஓர் ஊரில் தங்காமல் அலைந்த மனிதர். அவரே அப்படியென்றால் நான் எம்மாத்திரம் என்பது என் கணக்கு. ஆனால் 'கவியுடெ கால்பாடுகள்' என்ற தன்வரலாற்றில் அவர் தன்னை விட்டுவைக்கவில்லை. தன் குற்றங்களைத் தானே எடுத்துப் போடுகிறார். 'களியச்சன்' கவிதையில் புலம்புகிறவன், ஆணவத்தால் குருவின் மனத்தை நோகடித்துத் தவிக்கும் கதகளிக்காரன். அந்தத் தவிப்போடுதான் அவர் வயலையும் நிலாவையும் பார்த்தார். நான் வயலும் நிலாவும் வருகிற பக்கங்களை மட்டும் மடித்து வைத்திருந்தேன்.

2018, குறிஞ்சி பூக்கிற வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அந்த ஆகஸ்டில்தான் பெருவெள்ளமும் வந்தது. "அம்மா உன்னையே கேக்குதுடா, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றாள் அக்கா. "பெரியவாரைப் பாலம் போயிருச்சுக்கா, வர வழியில்ல" என்றேன். பாலம் இடிந்தது நிஜம். ஆனால் அது மறையூருக்கும் மூணாறுக்கும் நடுவில் இருக்கிறது. நான் போக வேண்டியது அதற்கு எதிர்த்திசையில்: சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம். மழை விட்டதும் அந்த வழியில் பஸ் ஓடியது. நான் குறிஞ்சி பார்க்கப் போனேன். அழகாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். வருஷக் கடைசியில் அம்மா போய்விட்டாள்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற 99 பூக்களையும் வகுப்பில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். பாரி இறந்தபின் அவன் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அதே கபிலர் அரசர்களிடம் போய் நின்றதைச் சொல்லும் புறநானூற்றுப் பாடம் வந்தால் மட்டும் சீக்கிரம் முடித்துவிடுவேன்.

அக்காவிடம் பாலத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் பேசுவது தமிழ்தான். என்னைத் தமிழ் படிக்க வைத்தார்கள். அவளைப் பக்கத்து மலையாளப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. இதை நான் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.